இரயிலுக்கு மின்சாரம், இஸ்திரிக்குக் கரி!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

1931ஆம் ஆண்டு மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. நாடு விடுதலை பெறுவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு! அன்று தாம்பரத்து ஏழையின் குடிசையில் இரவானால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். ஆனாலும் அவன் சீட்டு ஒன்று வாங்கிவிட்டால் மின்சாரத்தில் ஏறி உட்கார்ந்து பட்டணத்துக்குப் போகலாம். உனக்குச் சொந்த வீடு இருக்கிறதா, வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா, மாடி இருக்கிறதா என்று அவனை யாரும் கேட்கவில்லை. கம்பி தண்டவாளத்துக்கு வந்தது, மக்கள் ஏறிக்கொண்டார்கள்.

அந்தத் தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், சானடோரியத்துக்கும் சிட்லபாக்கத்துக்கும் இடைப்பட்ட ஒரு தெருமுனையில் என் தந்தையாரின் இஸ்திரி வண்டி நிற்கிறது. 25,000 வோல்ட் கம்பியின் கீழ் இரயில் விரைந்து செல்லும் ஓசை காதில் விழும்போதெல்லாம் அவர் பனையோலை விசிறியால் கரியை விசிறிக்கொண்டிருப்பார். தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்தக் கம்பி தண்டவாளத்தைத் தாண்டி எங்கள் வண்டிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

பருவநிலை, எரிசக்திக் கொள்கை என்பதெல்லாம் டெல்லியிலும் வெளிநாடுகளிலும் பெரியவர்கள் கூடிப் பேசுகிற விஷயம், அதில் உனக்கென்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் படிப்புச் செலவு முழுவதும் அந்தக் கரி அடுப்பிலிருந்துதான் வருகிறது. எனவே எரிசக்தியின் பொருளாதாரம் எனக்குப் பாடப்புத்தக விஷயமன்று. தினசரி மாலையில் அம்மா சில்லறையை எண்ணும்போது கேட்கும் ஓசை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இயற்பியல் படிக்கிறவள் கணக்கில்லாமல் பேசினால் எங்கள் துறைப் பேராசிரியர்கள் விடமாட்டார்கள்.

அப்பா நாளொன்றுக்குச் சுமார் 80 உருப்படி தேய்ப்பார். உருப்படிக்குப் பத்து ரூபாய் என்றால் 800 ரூபாய். கரி நான்கு கிலோ ஆகும். கிலோ 45 ரூபாய் வீதம் 180 ரூபாய். அதாவது வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புகையாகப் போகிறது. நல்ல கரி ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால், எட்டு யூனிட். ஆக நான்கு கிலோவில் 32 யூனிட் வெப்பம்.

சென்ற கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தோழி ஒருத்தியின் வீட்டில், அவள் தாயாரின் அனுமதியோடு, அப்பாவை மின்சார இஸ்திரிப் பெட்டியில் அதே 80 உருப்படியைத் தேய்க்க வைத்தேன். காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்துக் குறித்தேன். அந்த வீட்டின் மற்றச் செலவைக் கழித்துப் பார்த்தால் ஐந்து யூனிட்! 32 எங்கே, 5 எங்கே? மிச்சமுள்ள 27 யூனிட் வெப்பம் தினந்தோறும் எங்கே போகிறது? தெருக்காற்றுக்கும், கத்திரி வெயிலில் நிற்கும் என் தந்தையின் முகத்துக்கும் மார்புக்கும் போகிறது. அவருடைய இருமல் எந்தக் கணக்கிலும் வராது.

கரியமில வாயுவின் கணக்கும் உண்டு. கரியில் நூற்றுக்கு எண்பது பங்கு கார்பன் என்று வைத்துக்கொண்டால் நான்கு கிலோ கரி சுமார் பன்னிரண்டு கிலோ கரியமில வாயுவாகிறது. நம் நாட்டு மின்சாரம் பெரும்பகுதி நிலக்கரியில் பிறப்பதுதான். யூனிட்டுக்கு ஏறத்தாழ 700 கிராம் கரியமில வாயு வருகிறது. ஐந்து யூனிட்டுக்கு மூன்றரைக் கிலோ. நிலக்கரி மின்சாரமாக இருந்தாலும் கூட மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சீமைக் கருவேலம் வெட்ட வெட்டத் துளிர்க்கும் மரம், விட்ட வாயுவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று தாவரவியல் நண்பர் ஒருவர் வாதாடினார். மூட்டம் போட்டுக் கரியாக்கும்போதே மரத்தின் பெரும்பகுதி புகையாகப் போய்விடுகிறது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

சரி, காசுக்கு வருவோம். எங்கள் குடித்தனத்தில் நாங்கள் கொடுக்கும் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வீதத்திலேயே பார்த்தாலும் ஐந்து யூனிட் 50 ரூபாய். நாளுக்கு 130 ரூபாய் மிச்சம். இருபத்தாறு நாளைக்கு 3,380 ரூபாய்! நம் கல்லூரியில் நான் ஓராண்டுக்குக் கட்டும் கட்டணம் அதைவிடக் குறைவு.

மலிவானதை மனிதன் தேர்ந்தெடுப்பான் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். அப்படியானால் என் தந்தை ஏன் மாறவில்லை? பத்தாம்பசலியா? புதுமை கண்டு அஞ்சுகிறவரா? இல்லை. தெருவில் பிளக் பாயிண்ட் கிடையாது. விஷயம் அவ்வளவுதான்.

வீட்டில் வைத்துத் தேய்க்கலாமே என்பீர்கள். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். அங்கே இஸ்திரி மேசையைப் போட்டால் நாங்கள் நால்வரும் தெருவில்தான் நிற்கவேண்டும். அது கிடக்கட்டும், வீட்டு இணைப்பில் தொழில் செய்வது 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி முறையற்ற பயன்பாடு. கண்டுபிடிக்கப்பட்டால் இருமடங்கு கட்டணம். அது வீட்டுக்காரர் தலையில் விடியும். எனவே அவர் கூடாது என்கிறார். இதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்தப் பத்து ரூபாய்க்கும் ஒரு கதை உண்டு. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர்ப் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் நம் மாணவர்களில் பாதிப்பேருக்கு இது சொந்தக் கதை.

2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. ஏழைகளுக்கு நல்லது என்றுதான் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த நூறு யூனிட் குடும்பத்துக்கு அன்று, மின் இணைப்புக்கு! எங்கள் வளாகத்தில் கீழ்த்தளத்தில் ஐந்து குடித்தனங்கள். மின்வாரிய மீட்டர் ஒன்று. உள்ளே சப் மீட்டர்கள் ஐந்து. குடித்தனத்துக்கு 200 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் ஓடுகிறது. 2022 செப்டம்பர்க் கட்டணப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஓரிரவு கணக்குப் போட்டேன். முதல் நூறு இலவசம். 400 வரை நாலரை ரூபாய். 500 வரை ஆறு. 600 வரை எட்டு. 800 வரை ஒன்பது. ஆயிரம் வரை பத்து. ஆக மொத்தம் 6,550 ரூபாய். அதே ஐந்து குடும்பங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால்? நூறு இலவசம் போக, அடுத்த நூறு யூனிட் இரண்டேகால் ரூபாய் வீதம் தலைக்கு 225 ரூபாய். ஐந்து பேருக்கும் சேர்த்து 1,125 ரூபாய்!

அதிகம் எரிப்பவன் பணக்காரன், அவன் அதிகம் கட்டட்டும் என்று நல்லெண்ணத்தோடு வகுத்த படிக்கட்டு அது. ஒரே மீட்டருக்குப் பின்னால் ஐந்து ஏழைக் குடும்பங்கள் நின்றால் அந்தப் படிக்கட்டு அவர்களைச் சேர்த்து ஒரு பணக்காரனாகப் பார்க்கிறது. 2024இல் கட்டணம் மேலும் ஏறியது. வீட்டுக்காரர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாம் சேர்த்துப் பத்து ரூபாய் என்கிறார். அவருக்கும் கொஞ்சம் மிஞ்சுகிறது. தனித்தனி இணைப்பு வாங்கலாமே என்று அப்பா ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்புறம் வீடு உங்களுதுன்னு சொல்லுவீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் மாடியேறிப் போய்விட்டார். அவர் கெட்டவர் அல்லர். இந்த மலரைப் படிக்கமாட்டார் என்ற துணிச்சலில் எழுதுகிறேன்.

மாடி என்றதும் நினைவு வருகிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக்கூரைச் சூரியமின் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள். 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. மூன்று கிலோவாட் பலகை போட்டால் 78,000 ரூபாய் மானியம். எங்கள் வீட்டுக்காரர் போட்டார். அவருடைய தளத்து மின்கட்டணம் ஒன்றுமில்லாமல் போயிற்று. எங்கள் பத்து ரூபாய் பத்து ரூபாயாகவே இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்தப் பலகைகளைத் துடைப்பது என் தம்பியின் வேலை.

திட்டம் தவறு என்று நான் சொல்லவரவில்லை. கூரை உள்ளவனுக்குக் கூரை மானியம். கார் வாங்குகிறவனுக்கு? 2019இல் மின்வாகனங்களுக்கென மத்திய அரசு பத்தாயிரம் கோடி ரூபாய்த் திட்டம் கொண்டுவந்தது. 2023இல் தமிழ்நாட்டின் மின்வாகனக் கொள்கை வாகன வரியைத் தள்ளுபடி செய்தது. ஜி.எஸ்.டி. சாலையோரங்களில் காருக்கு மின்னேற்றும் கம்பங்கள் முளைத்துவிட்டன. வண்டியை நிறுத்திச் சொருகினால் ஏறுகிறது. பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சாலையோரத்தில் நிற்கும் இஸ்திரி வண்டிக்கு அப்படி ஒரு சொருகி கிடையாது. கூரை, கார், தன் பேரில் ஒரு மீட்டர், இவற்றில் ஏதாவது ஒன்று சொந்தமாக இருந்தால்தான் நாட்டின் எரிசக்திக் கொள்கை நம்மை அடையாளம் கண்டுகொள்கிறது. மிக அழுக்கான எரிபொருளை, மிக அதிக விலை கொடுத்து எரிப்பவனிடம் இவை மூன்றும் இல்லை.

இந்தக் கொள்கைகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? 2010இல் நிலக்கரி டன்னுக்கு ஐம்பது ரூபாய் என்று தூய எரிசக்தி வரி விதித்தார்கள். அது ஏறி ஏறி 2016இல் நானூறு ரூபாய் ஆயிற்று. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி தேவை. ஆக அந்த வரி மட்டும் யூனிட்டுக்கு 28 காசு. அது கட்டணத்துக்குள் கரைந்து எல்லோர் தலையிலும் விழுந்தது. தூய எரிசக்திக்கென்று பிறந்த வரி, 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலங்களுக்கு இழப்பீடு கொடுக்கும் நிதியாக உருமாறியது. 2025 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டு நிலக்கரியின் ஜி.எஸ்.டி.யை 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக்கினார்கள். பெயர் மாறிக்கொண்டே இருந்தது. நாங்கள் கட்டிக்கொண்டே இருந்தோம். கூரைக்குக் கொடுக்கும் மானியத்தில் எங்கள் காசும் இருக்கிறது என்று சொல்ல எனக்கு உரிமை உண்டல்லவா?

அப்பா வாங்கும் கரி இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து மூட்டை மூட்டையாக வருகிறது. அதே மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று மின்வாரியம் நீண்டகால ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டே இராஜஸ்தானத்துப் பாத்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போயிற்று. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு! முந்திக்கொண்டு வாங்கியதற்கு நாம் கொடுத்த விலை அது. அதைப் பழிக்கவேண்டியதில்லை, யாராவது முதலில் அதிக விலைக்கு வாங்கினால்தான் எதுவும் பின்னால் மலிவாகும். பள்ளிக்கரணையில் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேருந்தில் போகும்போது பார்த்திருப்பீர்கள். முப்பந்தலில் காற்றாலைகள் வந்த கதையும் இதே மாதிரிதான். ஆனால் மலிவாவதற்கான செலவை எல்லோருமாகச் சுமந்தபின், மலிவான மின்சாரம் மட்டும் ஏன் சிலரோடு நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வி.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த பருவநிலை மாநாட்டில் நம் பிரதமர், 2070ஆம் ஆண்டுக்குள் இந்தியா காற்றில் விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சரிசமமாகும் என்று அறிவித்தார். அதே மாநாட்டில் திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் என்ற பள்ளி மாணவி பேசினார். அவருக்கு வயது பதினைந்து. எனக்கும் அப்போது பதினைந்து. அவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டி! தன் தெருவில் கரி கொட்டுவதைப் பார்த்து யோசித்தாராம். செய்தித்தாளில் படம் வந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் தணலைக் கிளறிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. எவ்வளவு ஆகும்?"

அதற்கு மானியம் உண்டா என்றும் கேட்டார். அன்று தேடினேன், அதன்பின் ஆண்டுதோறும் தேடிப் பார்க்கிறேன். உலக மேடையில் கைதட்டு வாங்கிய அந்த வண்டிக்கு, கூரைக்குக் கிடைக்கும் 78,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு தரும் திட்டம்கூட என் கண்ணில் படவில்லை.

அரசு எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்றால் அது பொய். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை வழியாகச் சலவைத் தொழிலாளர்களுக்கு விலையில்லாத் தேய்ப்புப் பெட்டி தரும் திட்டம் உண்டு. 2020இல் தெரு வியாபாரிகளுக்கு வந்த கடன் திட்டத்தில் சலவைத் தொழிலையும் சேர்த்தார்கள். அப்பாவும் பத்தாயிரம் வாங்கி ஒழுங்காக அடைத்தார். வாங்கிய கடனில் என்ன செய்தார்? கரி மூட்டை வாங்கிப் போட்டார். வேறென்ன செய்வார்? பெட்டி கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள், வெப்பம் மட்டும் பழைய வழியிலேயே வரவேண்டியிருந்தது.

எங்கள் ஆசிரியர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாட்டின் மொத்தக் கணக்கில் உங்கள் அப்பாவின் கரி ஒரு தூசும்மா" என்றார். உண்மைதான். 2025இல் நாட்டின் மின் நிறுவுதிறனில் பாதி நிலக்கரி முதலிய எரிபொருள் சாராததாகிவிட்டது. 2030க்கு வைத்த குறியை ஐந்தாண்டு முன்னதாகவே எட்டிவிட்டோம். அத்தகைய சாதனையின் முன் நான்கு கிலோ கரி எம்மாத்திரம்? ஆனால் ஒரு மாடிக்கு 78,000 ரூபாய் செலவிட்டு மிச்சமாகும் வாயுவையும், ஒரு தெருமுனைக்கு ஒரு சொருகி வைத்து மிச்சமாகும் வாயுவையும், ரூபாய்க்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள் என்றேன். அவர் சிரித்து, "எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதியிருக்கிறேன்.

எனக்கு எதிரான ஒரு சாட்சியத்தையும் மறைக்கக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. எங்கள் பகுதியிலும் மின்சாரம் போய்விட்டது. அந்த நாட்களில் அப்பாவின் வண்டி முன் கூட்டம்! ஈரத்துணியைத் தேய்த்தே காயவைத்துத் தரச் சொல்லி, காரில் வந்தவர்கள்கூட நின்றார்கள். மின்சாரப் பெட்டியெல்லாம் ஊமையாகிக் கிடக்க, கரிப்பெட்டி மட்டும் வேலை செய்தது. "பாத்தியா?" என்று அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். கரிப்பெட்டியைத் தூக்கி எறியவேண்டும் என்று அதன்பின் நான் சொல்வதில்லை. பரணில் ஒன்று இருக்கட்டும். அந்த மாதிரி நாள் இனி அடிக்கடி வரும் என்கிறார்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி வியாபாரிக்கு அடையாள அட்டை உண்டு, சான்றிதழ் உண்டு, நிற்கும் இடம் உண்டு. ஊருக்கு ஊர் அமைக்கப்படும் விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்கவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அந்த இடத்தோடு மீட்டர் பொருத்திய ஒரு பிளக் பாயிண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இலவசம் வேண்டாம். ஓடியதற்குக் காசு கட்டுகிறோம். இஸ்திரிக்காரர் மட்டுமல்ல, இரவில் விளக்கு வைக்கும் பழவண்டிக்காரர், ஜூஸ் கடைக்காரர் எல்லோரும் கட்டுவார்கள். வாடகைக் குடித்தனங்களைப் பொறுத்தவரை, அந்த இலவச நூறு யூனிட்டை இணைப்புக்குக் கொடுக்காமல் குடும்ப அட்டைக்குக் கொடுக்கலாம். ரேஷன் அரிசி வீட்டுக்காரர் பெயரிலா வருகிறது?

அப்பாவின் வண்டிக்கு நேர் மேலே ஒரு தெருவிளக்குக் கம்பம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு விளக்கு எரியும். அந்த வெளிச்சத்தில்தான் கடைசி இருபது உருப்படியைத் தேய்ப்பார். மின்சாரம் அவர் தலைக்கு மேல் பதினைந்தடி உயரத்தில்தான் நிற்கிறது. சென்ற மாதம் நானும் தெருவிலுள்ள இன்னும் நான்கு வண்டிக்காரர்களும் சேர்ந்து அந்தக் கம்பத்தில் மீட்டர் வைத்து இணைப்புக் கேட்டு ஒரு மனு எழுதினோம். வடிவத்தை நான் எழுதினேன். அப்பா முதல் கையெழுத்துப் போட்டார். வாங்கிக்கொண்டு ரசீது எண் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டைச் சுருக்கம் எடுத்து, நான்காக மடித்து, வண்டியின் இழுப்பறையில் சில்லறைக்கு அடியில் வைத்திருக்கிறார் அப்பா.